பணிமனைக்குப் போன ஆசிரியர்கள்

அப்படியாம்பட்டிக்காரர்களிடம் வழி கேட்கக் கூடாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. தப்பாகச் சொல்வார்கள் என்பதற்காக இல்லை. மிகச் சரியாகச் சொல்வார்கள். "நேரே போய் இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல் வீணாகக் கூடாதே என்று தாங்களும் நேரே போய் இடது பக்கம் திரும்பிவிடுவார்கள். இப்படி வழி சொல்லப் போய்த் திரும்பி வராதவர்கள் இதுவரை இரண்டு பேர்.

அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் நாலு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் ஆதிமூலம். கணக்குக்குப் பிச்சாண்டி. தமிழுக்குச் சவுந்தரவல்லி. நாலாவது ஆள் சிறப்பாசிரியை தவமணி. காது கேட்காத, பார்வை மங்கிய, மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்று அரசாங்கம் கொடுத்த இடம் அவளுடையது. தவமணி அந்த ஊர்ப் பெண்தான். வெளியூரில் இரண்டு வருஷம் படித்துவிட்டும் கொஞ்சம்கூட மாறாமல் திரும்பி வந்தாள் என்று ஊருக்கே அவள்மேல் பெருமை. அவள் அம்மா மூன்று வருஷமாக அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் வகுப்பு முல்லைக்கொடிக்குக் காது கேட்காது. மற்றபடி அந்தப் பள்ளியில் விவரமான ஆள் என்று ஒருத்தரைச் சொல்ல வேண்டுமென்றால் அவளைத்தான் சொல்ல வேண்டும். போன வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொது வகுப்பில் உள்ளடக்குக என்று அதில் இருந்தது. ஆசிரியர்கள் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து யோசித்தார்கள்.

"உள்ளே வைக்கணும். அப்புறம் அடக்கணும். இதுல ரெண்டு வேலை இருக்கு," என்றார் ஆதிமூலம்.

முல்லைக்கொடி ஏற்கெனவே அடக்கமான பிள்ளை. அதனால் ஒரு வேலை மிச்சம். வகுப்பின் உள்மூலையில், அலமாரிக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தார்கள். அலமாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் ஒரு வருஷம் தமிழ் படித்தாள்.

இந்த வருஷம் வந்த சுற்றறிக்கை கொஞ்சம் நீளம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று நல்லாம்பூரில் புதன், வியாழன் இரண்டு நாள் பணிமனை நடக்கிறது, பொது ஆசிரியர்களும் சிறப்பாசிரியரும் இணைந்து வர வேண்டும், நால்வரும் சான்றிதழ் பெறாத பள்ளியில் சிறப்பாசிரியர் இடம் ரத்து செய்யப்படும் என்று அதில் இருந்தது.

தவமணி அதை இரண்டு தடவை படித்தாள். தன் இடம் போனால் முல்லைக்கொடியை மாவட்டத் தலைநகரில் விடுதியோடு இருக்கிற பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம். விஷயத்தைச் சைகையில் சொன்னபோது முல்லைக்கொடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். 'இங்கேதான்' என்று அர்த்தம்.

"போயிட்டு சான்றிதழோட வர்றேன்," என்று தவமணி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

புதன்கிழமை காலை நால்வரும் இணைந்து கிளம்பினார்கள். கைகோத்துப் போகலாம் என்று பிச்சாண்டி சொன்னார். ஆம்பளையோடு கைகோக்க மாட்டேன் என்று சவுந்தரவல்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடைசியில் இரண்டு குடைகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குடையின் பிடி ஆதிமூலத்திடம், நுனி பிச்சாண்டியிடம். பிச்சாண்டியின் சட்டைப்பையில் இன்னொரு குடையின் பிடியை மாட்டி, அதன் நுனியைச் சவுந்தரவல்லி பிடித்துக்கொண்டாள். அவள் முந்தானையைத் தவமணி பிடித்துக்கொண்டாள். இப்படி இணைந்து பஸ் ஏற இருபது நிமிஷம் ஆயிற்று.

அதே பஸ்ஸில் பின்சீட்டில் அதே ஊர்ப் பையன்கள் நாலு பேர் நீலச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜான்பீட்டர், சுடலைமுத்து, அமானுல்லா, வெற்றிச்செல்வன். ஐடிஐ முடித்தவர்கள். அரசு பஸ் டிப்போவில் தொழில் பயிற்சிக்குப் போகிறார்கள்.

நல்லாம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஜான்பீட்டர் கண்டக்டரிடம், "அண்ணே, பயிற்சி எங்கண்ணே நடக்குது?" என்று கேட்டான்.

"அதோ ஸ்கூல் வாசல்ல பேனர் கட்டியிருக்கு பாரு. பயிற்சிக்கு வருக வருகன்னு."

பையன்கள் இறங்கிப் போனார்கள். அடுத்து ஆதிமூலம் கேட்டார். "தம்பி, பணிமனைக்கு எங்க இறங்கணும்?"

"இறங்கவே வேண்டாம் சார். வண்டியே அங்கதான் போகுது. உக்காருங்க."

அரசாங்கம் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறதே என்று நால்வருக்கும் நெகிழ்ச்சியாக இருந்தது. வண்டி ஊரைத் தாண்டி ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தது. கேட்டின்மேல் ஆள் உயர எழுத்தில் பணிமனை என்று எழுதியிருந்தது. உள்ளே முப்பது பஸ்கள் நின்றன. சிலவற்றுக்குச் சக்கரம் இல்லை.

"நம்ம பணிமனைக்குத்தான் இவ்வளவு பேர் வந்திருக்காங்க போல," என்றார் பிச்சாண்டி, பஸ்களை எண்ணிப் பார்த்துவிட்டு.

ஃபோர்மேன் பாக்கியநாதன் காக்கிச் சட்டையில் வந்தார். பயிற்சிக்கு நாலு பேர் வருவார்கள் என்று அவருக்குத் தாக்கல் வந்திருந்தது. குடைகளால் கோக்கப்பட்டு நின்றவர்களை அவர் எண்ணிப் பார்த்தார். நாலு பேர். சரியாக இருந்தது.

"கொஞ்சம் வயசான பேட்ச்சா இருக்கே," என்றார்.

"வயசு வரம்பு எதுவும் போடலைங்க," என்றார் ஆதிமூலம்.

"அதுவும் சரிதான். முதல்ல அந்தக் குடையெல்லாம் ஓரமா வையுங்க. இப்போ நான் சொல்றதைக் கவனமாக் கேட்டுக்குங்க. எந்த வண்டியும் கெட்ட வண்டி கிடையாது. கவனிக்காம விட்ட வண்டிதான் உண்டு."

தவமணி நோட்டைத் திறந்தாள். சவுந்தரவல்லி அவள் காதோரம் குனிந்தாள். "ஏன் பிள்ளைங்களை வண்டிங்கிறார்?"

"உவமை, டீச்சர்," என்றார் பிச்சாண்டி.

"உவமையா? உவமைன்னா 'போல'ன்னு ஒரு சொல் வரணும். அவர் 'வண்டி போல'ன்னு சொல்லலை. நேரா வண்டின்னுட்டார். இது உருவகம்."

இதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பாக்கியநாதன் இரண்டு நாளும் வஞ்சகம் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்க்க வேண்டும். ஒரு வண்டிக்குச் செய்த வைத்தியத்தை இன்னொரு வண்டிக்குச் செய்யக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை. மேட்டில் ஏறாத வண்டியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, கியரைக் குறைக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்திய வண்டிக்குக் கல் வைக்க வேண்டும். மாதம் ஒரு தரம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தவமணி மட்டும் கை தூக்கி ஒரு கேள்வி கேட்டாள். அவள் நினைப்பெல்லாம் முல்லைக்கொடி மேலேயே இருந்தது. "ஐயா, சத்தம் போட்டாலும் கேட்காதுங்கிறப்போ என்ன செய்யறது?"

"ஹாரன் உதவாதா? லைட்டைப் போட்டுக் காட்டும்மா. கண்ணு இருக்குல்ல."

தவமணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு வருஷப் படிப்பில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நால்வருக்கும் அவரவர் பெயரில் சான்றிதழ் கொடுத்தார்கள். கனரக வாகனத்தின் டயரைக் கழற்றி மாட்டத் தகுதி பெற்றவர் என்று அதில் இருந்தது.

"டயருமா உருவகம்?" என்று ஆதிமூலம் கேட்டார்.

"டயர்தான் சார் முக்கியமான உருவகம்," என்றாள் சவுந்தரவல்லி. அவள் கை முழங்கைவரை கறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமையே வேலையை ஆரம்பித்தார்கள். காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர்கள் ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். அறுபத்திரண்டு பிள்ளைகள். நாற்பதாவது பிள்ளையைச் சுற்றும்போது ஆதிமூலத்துக்குத் தலை சுற்றிக் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சுற்றியதில் சில விஷயங்கள் தெரியவந்தன. ஒருத்தன் காலையில் சாப்பிடாமல் வருகிறான். ஒருத்திக்குப் பலகையில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் ஆறு வருஷம் எழுதியிருக்கிறாள். இதெல்லாம் முன்னால் நின்று பார்த்தபோது தெரியாத சங்கதிகள்.

பிறகு ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. தவமணியின் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அவள்தான் எழுதினாள். 'வண்டி 14. வகுத்தல் மேட்டில் திணறும். கியரைக் குறைக்கவும்.' 'வண்டி 23. பேச ஆரம்பித்தால் பிரேக் பிடிக்காது.' 'வண்டி 31. காலையில் டீசல் இல்லாமல் வரும். பொங்கல் ஊற்றவும்.' முல்லைக்கொடிக்கு, 'ஹாரன் கேட்காது. லைட் போடவும். எஞ்சின் முதல் தரம்.'

முல்லைக்கொடி தன் அட்டையை வாசித்துப் பார்த்தாள். பிறகு பென்சிலை வாங்கி, 'அலமாரியை எடுக்கவும்' என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். அட்டையில் எழுதியாகிவிட்டதால் அலமாரியை எடுத்தார்கள்.

ஆசிரியர்கள் ஆளுக்கொரு டார்ச் லைட் வாங்கினார்கள். பேசுவதற்கு முன்னால் முல்லைக்கொடி பக்கம் இரண்டு தடவை அடித்துக் காட்டிவிட்டு, வெளிச்சத்தைத் தங்கள் வாய்மேல் திருப்பிக்கொண்டு பேசினார்கள். அவள் உதடு பார்த்தே பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். சவுந்தரவல்லி இன்னும் ஒரு படி மேலே போய், பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கையை நீட்டிச் சிக்னல் காட்டினாள். மாதம் பிறந்ததும் பின்வரிசை முன்னால் வந்தது, முன்வரிசை பின்னால் போனது. உட்கார்ந்த பிள்ளைகளின் பாதத்துக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு கல் வைத்தார்கள். ஒரு பிள்ளைகூட உருண்டு போகவில்லை. முதல் சனிக்கிழமை அறுபத்திரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தி ஹோஸ் பைப்பால் கழுவினார்கள். தாய்மார்கள் வேலியோரம் நின்று, "டீச்சர், காதுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தபாலில் ஒரு கவர் வந்தது.

உள்ளே நாலு சான்றிதழ்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர், அப்படியாம்பட்டிப் பள்ளி என்று அச்சடித்திருந்தது. பெயர்கள்: அமானுல்லா, சுடலைமுத்து, வெற்றிச்செல்வன், ஜான்பீட்டர். கூடவே ஒரு கடிதம். புதன்கிழமை அதிகாரி நேரில் வந்து பெயர்களைச் சரிபார்ப்பார். பெயர் பொருந்தாவிட்டால் சிறப்பாசிரியர் இடம் அன்றே ரத்து. சான்றிதழில் அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது.

ஜான்பீட்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"பேனருக்குக் கீழ ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க டீச்சர். அப்படியாம்பட்டியான்னு கேட்டாங்க. ஆமான்னோம். நாலு பேரான்னு கேட்டாங்க. ஆமான்னோம். இங்க கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டோம்."

"அங்க என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரையும் மக்குன்னு சொல்லக் கூடாது, சின்னதாச் செஞ்சாலும் பாராட்டணும்னாங்க. நாங்களும் டிப்போவுல அப்படித்தான் செய்யறோம். ஏழாம் நம்பர் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா சுத்தி நின்னு கை தட்டறோம். நேத்து கண்ணாடியில ஒரு ஸ்டார்கூட ஒட்டினோம்." அவன் முகம் வாடியது. "ஆனா ஃபோர்மேன் ஒத்துக்க மாட்டேங்கிறாரு. டயர் சான்றிதழ் வெச்சிருக்கிற ஆதிமூலம், பிச்சாண்டி, சவுந்தரவல்லி, தவமணி நாலு பேரும் எங்கன்னு கேக்கிறாரு. திங்கள்கிழமைக்குள்ள அவங்க வரலைன்னா எங்க வேலையும் காலியாம்."

நால்வரும் ஆசிரியர் அறையில் கூடினார்கள். தவமணி ஜன்னல் வழியாக முல்லைக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை வகுத்தல் கணக்கு ஒன்றை வண்டி பதினாலுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், கியரைக் குறைத்து.

"சான்றிதழை மாத்திக்கிட்டா என்ன?" என்றார் பிச்சாண்டி.

"பேர் வேறயா இருக்கே," என்றாள் சவுந்தரவல்லி.

"பேரை அடிச்சு எழுதினா?"

"அடித்தல் திருத்தல் செல்லாது."

"அப்போ சான்றிதழ்ல இருக்கிற பேரைத் தொடக் கூடாது," என்றார் ஆதிமூலம் மெதுவாக. "ஆனா நம்ம பேரைத் தொடக் கூடாதுன்னு கடிதத்துல எங்கயும் போடலையே."

நால்வரும் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார்கள். போடவில்லை.

"சும்மா வாங்கிக்கக் கூடாது சார்," என்றாள் தவமணி. "அவங்க பேரை நாம எடுத்துக்கிட்டா, நம்ம பேரை அவங்களுக்குக் கொடுத்துடணும். இல்லைன்னா பையன்க பேரில்லாம நிப்பாங்க."

இது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் எட்டுப் பேரும் எதிரெதிரே நின்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆதிமூலம் அமானுல்லா ஆனார். பிச்சாண்டி சுடலைமுத்து. சவுந்தரவல்லி வெற்றிச்செல்வன் என்ற பெயரை வாங்கும்போது, "சந்தி சரியா இருக்கு" என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். தவமணி தன் பெயரைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினாள். இருபத்தாறு வருஷம் கூட இருந்த பெயர்.

"பத்திரமா வெச்சுக்க," என்றாள்.

"கவலைப்படாதீங்க, ஜான்பீட்டர்," என்றான் தவமணி.

திங்கள்கிழமை டிப்போவில் ஃபோர்மேன் நாலு பெயரையும் கூப்பிட்டார்; நாலு பேர் வந்து நின்றார்கள், கணக்குச் சரியாக இருந்தது. புதன்கிழமை அதிகாரி பரிமளம் வந்தார். வேகமாகப் பேசுகிற, கண்ணாடி போட்ட அம்மாள். முதலில் வகுப்பைப் பார்க்கிறேன் என்றார். கணக்கு ஆசிரியர் டார்ச்சை இரண்டு தடவை அடித்தார். முதல் வரிசையிலிருந்து முல்லைக்கொடி எழுந்து, காலுக்குப் பின்னால் இருந்த கற்களை ஒதுக்கிவிட்டுப் பலகைக்குப் போய் முந்நூற்று எண்பத்து நாலை எட்டால் வகுத்துக் காட்டினாள். பரிமளம் ஒவ்வோர் அட்டையாக வாசித்தார். வெகு நேரம் வாசித்தார்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனித் திட்டம் போட்டிருக்கீங்க. பத்து வருஷமா நான் இதைத்தான் எல்லா ஸ்கூல்லயும் சொல்லிட்டு இருக்கேன். யாரும் செய்யலை. எங்க கத்துக்கிட்டீங்க?"

"பணிமனையிலங்க," என்றார்கள் நால்வரும்.

பரிமளம் மகிழ்ச்சியோடு படிவத்தை எடுத்தார். "அமானுல்லா?"

"உள்ளேன் அம்மா," என்றார் தலைமையாசிரியர், நெற்றியில் இருந்த விபூதியைத் துடைக்காமல்.

"சுடலைமுத்து?" வந்தார். "வெற்றிச்செல்வன்?" சவுந்தரவல்லி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். பரிமளம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஜான்பீட்டர்?"

"உள்ளேன் அம்மா."

"நீங்களாம்மா ஜான்பீட்டர்?"

"ஆமாங்க."

"எப்போயிருந்து?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்திலிருந்துங்க."

பரிமளம் நிமிர்ந்து பார்த்தார். முதல் வரிசையில் முல்லைக்கொடி கண்ணிமைக்காமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தரைமேல் விரித்து வைத்திருந்தாள்.

பரிமளம் படிவத்தை இன்னொரு தடவை பார்த்தார். பெயர் பொருந்துகிறதா என்று ஒரு கட்டம் இருந்தது. ஆள் பொருந்துகிறதா என்று கட்டம் எதுவும் இல்லை. அவர் பேனாவைத் திறந்து டிக் போட்டார்.

"சிறப்பாசிரியர் ஜான்பீட்டர் இந்தப் பள்ளியிலேயே தொடரலாம்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேறு எதையும் கேட்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முல்லைக்கொடி தரையை இரண்டு தட்டு தட்டினாள். ஜான்பீட்டர் டீச்சர் டார்ச் லைட்டை அடித்து அடித்துக் காட்டினாள், பேட்டரி தீரும்வரை.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது செல்போன் அடித்தது. அம்மா.

"தவமணி இருக்காளா?"

"இல்லைம்மா. தவமணி டிப்போவுல டயர் கழட்டிட்டிருக்கான். நான் ஜான்பீட்டர் பேசறேன்."

"அப்படியா தம்பி? தவமணியப் பார்த்தா, இட்லி ஊத்தி வெச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள சீக்கிரம் வரச் சொல்லு."

"சொல்றேம்மா."

சொன்னால் சொன்னதுதான். ஆறு மணி பஸ்ஸிலிருந்து தவமணி இறங்கியதும் ஜான்பீட்டர் டீச்சர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஜான்பீட்டர் வீட்டை நோக்கி நடந்தாள். அங்கே அன்று மீன் குழம்பு.

தவமணி போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து எட்டு இட்லி சாப்பிட்டான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சட்னி ஊற்றிக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"வேலை வேலைன்னு அலைஞ்சு எப்படிக் கறுத்துட்டே பாருடி," என்றாள். "சாப்பிட்டு முடிச்சதும் அந்தத் தாடியில இருக்கிற கிரீஸை நல்லாத் தேய்ச்சுக் கழுவு. நாளைக்கு உன்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க."